மேட்பிளாட்லிப்: எல்லாப் படமும் ஒரே அகலம், அச்சும் நேராக வர வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. பைத்தானில் வரைபடம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பில் ஒரே லூப்பில் பல வரைபடங்களைத் தனித்தனி பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்க வேண்டும். தேவையான அகலம் 85 மி.மீ, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்). அதாவது ஃபிக்சைஸ் (படத்தின் அளவு) 3.35 அங்குலம், 1005 பிக்சல்.

படத்தைக் கோப்பாகச் சேமிக்கும் சேவ்ஃபிக்கில் பிபாக்ஸ்_இன்ச்சஸ்='டைட்' கொடுத்தால் இந்தக் கணக்கே கெட்டுவிடுகிறது. ஓரத்து வெற்றிடத்தை வெட்டிவிட்டு, சுற்றிலும் 0.1 அங்குலம், அதாவது 30 பிக்சல், தன் பங்குக்குச் சேர்க்கிறது. ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு அகலம். வேர்டில் ஒரே அகலத்துக்கு இழுத்தால் 8 பாயின்ட் எழுத்து ஒன்றில் பெரிதாகவும் ஒன்றில் பொடியாகவும் தெரியும். அதனால் அதை எடுத்துவிட்டு படத்தின் அளவை மாற்றாமல் உள் ஓரங்களைத் தானே சரிசெய்யும் லேஅவுட்='கான்ஸ்ட்ரெயின்ட்' போட்டேன். 1005 பிக்சல் அசையாமல் நிற்கிறது.

சிக்கல் இனிமேல்தான். ஒய் அச்சில் ஒரு படத்தில் 0.5, இன்னொன்றில் 120000. எண் நீண்டால் இடது ஓரம் அகன்று, வரைபடம் வரும் கட்டம் சுருங்குகிறது. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் எக்ஸ் அச்சுகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. ஓரங்களை நாமே நிர்ணயிக்கும் சப்பிளாட்ஸ்_அட்ஜஸ்ட்டில் லெஃப்ட்=0.15 என்று பூட்டினால் ஒய் அச்சின் தலைப்பு வெட்டுப்படுகிறது.

முதல் சுற்றில் எல்லாவற்றையும் வரைந்து, எழுத்துகளோடு சேர்த்து அளவைத் தரும் கெட்_டைட்பிபாக்ஸ் மூலம் பெரிய இடது ஓரத்தைக் கண்டுபிடித்து, அடுத்த சுற்றில் அதையே எல்லாவற்றுக்கும் கொடுக்கலாம். ஆனால் இருமுறை வரைவது வீண் வேலை. ஒரே சுற்றில் முடிக்க வழி இருக்கிறதா?

ஷோவுக்கு முன்பே சேவ்ஃபிக், ஒவ்வொரு படத்துக்கும் குளோஸ் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஒரே ஃபிகரில் சப்பிளாட்டாகப் போடச் சொல்ல வேண்டாம், கோப்புகள் தனித்தனியாகத்தான் வேண்டும்.