எட்டிப் பார்த்தாலே ரிங்டோன் சத்தம் குறைஞ்சுடுது, ஸ்பீக்கர் போச்சா?

கேள்வி:
ஐபோனுக்கு மாறி ஒரு வாரம்தான் ஆகுது. மேசை மேல இருக்கும்போது கணீர்னு அடிக்குது. யாருன்னு எட்டிப் பார்த்தா போதும், சத்தம் அப்படியே அடங்கிடுது. வால்யூம் பட்டனைத் தொடவே இல்லை. பாட்டு, வீடியோ எல்லாம் நல்லாத்தான் கேக்குது.

பதில் 1:
ஸ்பீக்கர் ஓட்டைல தூசி அடைச்சிருக்கும். காஞ்ச பிரஷ்ஷால லேசா தட்டி விடுங்க.

பதில் 2:
தூசியா இருந்தா பாட்டும் கம்மியாத்தானே கேக்கணும்? போனைக் குப்புறப் போட்டுட்டு வேற போன்லேர்ந்து கூப்பிட்டுப் பாருங்க.

கேட்டவர்:
குப்புறப் போட்டா ஊரையே எழுப்புது! நிமிர்த்திப் பார்த்ததும் கப்சிப்.

பதில் 2:
அப்ப பழுதே இல்லை. 2017-ல வந்த ஐபோன் எக்ஸ்லேர்ந்து, முகத்தைக் காட்டித் திறக்குற ஐபோன் எல்லாத்துலயும் இது உண்டு. நீங்க திரையைப் பார்க்கிறீங்களான்னு முன்பக்கக் கேமரா கவனிக்கும். பார்த்துட்டா, ‘தெரிஞ்சுபோச்சு, இனி எதுக்குக் கத்தணும்’னு சத்தத்தைக் குறைச்சுடும். நீங்க படிச்சுக்கிட்டே இருந்தா திரை மங்காம இருக்கே, அதுவும் இதே வேலைதான்.

செட்டிங்ஸ்ல ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோட் போய் ‘அட்டென்ஷன் அவேர் ஃபீச்சர்ஸ்’ஸை மட்டும் அணைங்க. அங்கயே ‘ரிக்வயர் அட்டென்ஷன் ஃபார் ஃபேஸ் ஐடி’ன்னு இன்னொண்ணு இருக்கும், அதுல கை வைக்காதீங்க. அதை அணைச்சா, நீங்க கண்ணை மூடித் தூங்கும்போதுகூட யாராவது உங்க முகத்துக்கு நேரா நீட்டித் திறந்துடலாம்.

கேட்டவர்:
சரியாயிடுச்சு, ரொம்ப நன்றி! இன்னொண்ணு: பஸ்ல போகும்போது மெசேஜ் வந்த சத்தமே இல்லை, இறங்கினப்புறம் மொத்தமா கொட்டுது. இதுவும் அதே கதையா?

பதில் 3:
இது டிரைவிங் ஃபோகஸ், வண்டி ஓட்டும்போது கவனம் சிதறாம இருக்க மெசேஜ் சத்தத்தை அடக்கி வைக்கிற வசதி. வண்டி ஓடுதுன்னு அதுக்குத் தெரியும், ஓட்டுறது நீங்களா டிரைவரான்னு தெரியாது. செட்டிங்ஸ், ஃபோகஸ், டிரைவிங்னு போய்ப் பாருங்க. ‘ஆட்டோமேட்டிக்கலி’ன்னு இருந்தா ‘மேனுவலி’க்கு மாத்துங்க. சொந்தமா கார் ஓட்டுறவரா இருந்தா, கார் புளூடூத் இணையும்போது மட்டும்னு வைக்கலாம்.

அப்படியே தானா போற பதில் யார் யாருக்குப் போகுதுன்னும் பாருங்க. ஜன்னலோரம் தூங்கிக்கிட்டிருந்த எனக்காக, நான் வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்னு எங்க மேனேஜருக்கே பதில் அனுப்பி வச்சுது. எனக்கு லைசென்ஸே கிடையாதுன்னு அவருக்குத் தெரியும்.