மறு: 'திறப்பு விகிதம்' சரிதானா? செய்திமடல் அறிக்கைக்கான கலைச்சொற்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

தக்கலை அண்ணன் தொகுத்து அனுப்பிய சொற்பட்டியலை முழுக்கப் பார்த்தேன். மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்புகிறவர்களுக்கு வரும் அறிக்கையில் உள்ள ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தமிழ் கொடுத்திருக்கிறார், நல்ல உழைப்பு. அதில் பாதிக்கு மேல் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 'சொடுக்கு' (இணைப்பைத் தட்டுவது), 'விலகல்' (இனி மடல் வேண்டாம் என்பது), 'புகார்' (வேண்டாத மடல் என்று குறிப்பது) மூன்றும் அப்படியே இருக்கட்டும். ஆனால் ஓப்பன் ரேட்டுக்குத் 'திறப்பு விகிதம்', டெலிவர்டுக்குச் 'சேர்ந்தவை', லிஸ்ட் குவாலிட்டிக்குப் 'பட்டியல் தரம்' என்று போட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ் என்று பார்த்தால் மூன்றுமே சரி. அந்த ஆங்கிலச் சொற்களே எண்ணப்படுகிற பொருளைச் சரியாகச் சொல்வதில்லை என்பதுதான் என் மறுப்பு. அவர்களுக்குப் பழகிவிட்டது, இனி மாற்றமாட்டார்கள். நாம் இப்போதுதான் பெயர் வைக்கிறோம், அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கும் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் எங்கள் குழு ஒரு செய்திமடல் அனுப்பி வருகிறது. வாசகர்களில் நிறைய பேர் வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு ஊர்த் தோட்டத்தைப் போனிலேயே கவனிப்பவர்கள். அறிக்கையில் 40 சதவீதம் 'திறப்பு' என்று கண்டதும் குழுவில் உள்ள பெரியவர்கள் "நாப்பது பேரு வாசிக்காங்களே, பெறவென்ன" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். சொல் அப்படித்தான் நினைக்க வைக்கிறது. வாசிப்பவர்களின் எண்ணிக்கை அது கிடையாது என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தால் அந்தச் சொல் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதானே பொருள்?

அந்த 40 எப்படி வருகிறது என்று பாருங்கள். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத, ஒரே ஒரு புள்ளி (பிக்சல்) அளவுள்ள படம் ஒளிந்திருக்கும். அந்தப் படத்தை யாராவது சர்வரிலிருந்து (மடல் சேவையின் கணினியிலிருந்து) கேட்டால் 'திறந்தார்' என்று ஒரு கணக்கு ஏறும், அவ்வளவுதான். கேட்டது மனிதனா இயந்திரமா என்பது அந்தப் படத்துக்குத் தெரியாது. 2013 டிசம்பரிலிருந்தே ஜிமெயில், படங்களைத் தன் சொந்த சர்வர் வழியாகத்தான் எடுத்துக் காட்டுகிறது. அதனால் எந்த ஊரிலிருந்து பார்த்தார் என்பதெல்லாம் அப்போதே மங்கிவிட்டது. 2021 செப்டம்பரில் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 15 உடன் ஆப்பிள் கொண்டுவந்த அஞ்சல் தனியுரிமை வசதி இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த வசதியை இயக்கியவர் மடலைத் தொடாவிட்டாலும் ஆப்பிளே பின்னணியில் படங்களை இறக்கி வைத்துக்கொள்ளும். ஐபோனின் மெயில் செயலியில் ஜிமெயில் கணக்கைப் போட்டு வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். அறிக்கையில் அவர் எல்லா வாரமும் 'திறந்தார்'.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது, தமிழில் எழுதுகிற நமக்கு அது கூடுதலாகவே இருக்கிறது. படங்களை அணைத்து வைத்துவிட்டு எழுத்தை மட்டும் முழுதாக வாசிப்பவர் கணக்கில் வரமாட்டார். அப்புறம், ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் போகும் மடலை நறுக்கி, மீதியைப் பார்க்க ஒரு இணைப்பு மட்டும் காட்டும். கண்காணிப்புப் படத்தைப் பல சேவைகள் மடலின் அடியில்தான் வைக்கின்றன. அடி வெட்டுப்பட்டால் படமும் போயிற்று, வாசித்தவர் வாசிக்காதவர் ஆகிவிடுவார். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'ம' மூன்று; 'மி'யில் மகரமும் இகரக் குறியும் என இரண்டு குறியீடு, ஆகவே ஆறு. 'மின்னஞ்சல்' என்ற ஒரே சொல்லுக்கு முப்பது பைட் ஆகிறது. அதே நீளக் கட்டுரையைத் தமிழில் அனுப்பினால் எவ்வளவு சீக்கிரம் அந்த எல்லையை முட்டும் என்று யோசியுங்கள். இதை யாரும் நமக்காக எழுதி வைக்கவில்லை, நாமேதான் எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: 'திறப்பு அறிகுறி'. மழைக்கு அறிகுறி தெரியும், மழை பெய்யாமலும் போகும். அறிகுறி இல்லாமலும் ஒரு மழை அடிக்கும். தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே 'உறுதி இல்லை' என்ற எச்சரிக்கை இருக்கிறது, யாரும் விளக்க வேண்டியதில்லை. 'திறப்புச் சுவடு' என்று ஒருவர் சொன்னார், அழகான சொல்தான், ஆனால் சுவடு என்றால் யாரோ நடந்துவிட்டார் என்று ஆகிறது. 'படமேற்றம்' நுட்பமாகச் சரி, ஆனால் எந்த வாசகருக்கும் அது எதற்கு என்று புரியாது. அட்டவணையில் இடம் குறைவு என்றால் 'அறிகுறி' என்று மட்டும் போட்டாலும் போதும்.

அடுத்தது 'சேர்ந்தவை'. இது திறப்பைவிட மோசமாக ஏமாற்றும். அறிக்கையில் டெலிவர்டு என்று வருவது, எதிர்முனை சர்வர் 250 என்ற எண்ணைச் சொல்லி மடலை வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாங்கிய கையோடு அது மடலை ஸ்பேம் (வேண்டாத மடல்) பெட்டிக்குள் தள்ளியிருக்கலாம். அதுவும் 'டெலிவர்டு'தான். இந்த இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் பேச்சே குழம்பிவிடும். சர்வர் வாங்கிக்கொண்டதை 'ஏற்பு' என்போம். உள்பெட்டிக்கே வந்து வாசகர் கண்ணில் படும் இடத்தில் விழுவதைக் 'கிட்டல்' என்போம். நம் மாவட்டத்தில் "மெயில் கிட்டிச்சா?" என்றுதானே கேட்கிறோம், "சேர்ந்ததா" என்று யார் கேட்கிறார்கள்? இது வட்டாரச் சொல் ஆயிற்றே, மதுரைக்காரர்களுக்கு ஒட்டுமா என்று யாராவது கேட்பீர்கள். கிட்டுதல் என்பது எழுத்துத் தமிழில் எல்லாருக்கும் தெரிந்த வினை, 'வாய்ப்புக் கிட்டியது' என்று தினமும் பத்திரிகையில் வருகிறது. நாம் அதை அன்றாடப் பேச்சிலும் விடாமல் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. கிட்டும், கிட்டாது, கிட்டிய மடல், கிட்டல் விகிதம் என்று எப்படித் திருப்பினாலும் நாக்கில் தட்டவில்லை. கலைச்சொல்லுக்கு இந்தத் தகுதி முக்கியம் என்று நினைக்கிறேன். பெயராக மட்டும் நின்று, வினையாக வளைய மறுக்கும் சொற்கள் அகராதியை விட்டு வெளியே வருவதே இல்லை.

மடல் போய்ச் சேராமல் திரும்புவதான பவுன்ஸுக்கு நாகர்கோவில் தம்பி சொன்ன 'துள்ளல்' வேண்டாம், தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. 'திரும்பல்' என்றே இருக்கட்டும். மெயில் திரும்பி வந்தது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் ஹார்டு (நிரந்தரம்), சாஃப்ட் (தற்காலிகம்) என்ற பிரிவை 'வன்திரும்பல்', 'மென்திரும்பல்' என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. சர்வர் 4-ல் தொடங்கும் எண்ணைச் சொன்னால் 'இப்போது முடியாது, பிறகு வா' என்று பொருள். அனுப்பும் சர்வரும் விட்டு விட்டு முயன்று பார்க்கும். கோர்ட்டில் சொல்கிற 'ஒத்திவைப்பு' அதற்கு அப்படியே பொருந்துகிறது. 5-ல் தொடங்கினால் 'மறுப்பு'. ('தள்ளுபடி' என்று போட்டால் வாசகர் ஆடித் தள்ளுபடி என்று நினைப்பார்.) இந்த மறுப்பிலும் இரண்டு வகை உண்டு, அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. 5.1.1 என்று வந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 5.7 என்று தொடங்கினால் முகவரியில் குறை இருக்க வேண்டிய அவசியமில்லை, மடல் உங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்ப அமைப்போ, அனுப்புகிறவர் என்ற வகையில் உங்கள் நற்பெயரோ அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். முன்னதை 'முகவரி மறுப்பு' என்றும் பின்னதைக் 'கொள்கை மறுப்பு' என்றும் சொல்லலாம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்துப் பட்டியலிலிருந்து பெயர்களை நீக்கினால் நல்ல வாசகர்களை நாமே வெளியே தள்ளியவர்கள் ஆவோம்.

விகிதங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். எதில் வகுத்தது என்பதைச் சொல்லோடு சேர்த்தே எழுதும் வழக்கத்தைத் தொடங்கலாம். 1,000 மடல் அனுப்பினோம், 50 திரும்பின, 950 ஏற்பு, 380 அறிகுறி, 38 பேர் சொடுக்கினார்கள் என்று வையுங்கள். 'ஏற்பில் 4 சதவீதம் சொடுக்கு, அறிகுறியில் 10 சதவீதம் சொடுக்கு' என்று தமிழில் எவ்வளவு சுலபமாக வருகிறது! ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு தனிப் பெயர் வைத்துக்கொண்டு குழம்புகிறார்கள். அந்த 380-ல் பாதி, ஆப்பிள் தானாக இறக்கியது என்றால், உண்மையில் திறந்தவர்களில் 20 சதவீதம் பேர் சொடுக்கியிருக்கிறார்கள். அதாவது அறிகுறி வீங்க வீங்க, அதில் வகுக்கிற சொடுக்கு விகிதம் மெலிந்து காட்டும், மடல் நன்றாக இருந்தாலும். சொடுக்கும் முழுச் சுத்தம் என்று சொல்ல முடியாது, அலுவலக மெயில்களில் பாதுகாப்பு மென்பொருள் எல்லா இணைப்பையும் முன்கூட்டியே தட்டிப் பார்க்கும். ஆனாலும் அறிகுறியைவிடச் சொடுக்கை நான் கூடுதலாக நம்புவேன்.

இனி 'பட்டியல் தரம்'. எனக்கு மிக முக்கியமானது இதுதான். தரம் என்றால் நமக்குக் குலசேகரத்து ரப்பர் ஷீட்டுதான் நினைவுக்கு வரும். புகை போட்டு உலர்த்திய ஷீட்டைப் பார்த்து ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5 என்று பிரித்தால் அந்தத் தரம் அந்தச் ஷீட்டோடு நிற்கும். முகவரிப் பட்டியல் அப்படி நிற்காது. யாரும் தொடாமல் வைத்திருந்தாலே கெட்டுப்போகும். வேலை மாறியவரின் அலுவலக முகவரி செத்துவிடும். இரண்டு ஆண்டு புழங்காத கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியது. கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடம் போட்டோவால் நிறைந்துவிட்டால் மடல் உள்ளே ஏறாது. கைவிடப்பட்ட சில முகவரிகளைப் பிற்பாடு பொறியாக மாற்றி, அதற்கு அனுப்புகிறவர்களைக் கண்காணிப்பதும் நடக்கிறது.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. பிரவுசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ ஏதோ விண்ணப்பத்துக்காக ஒரு மெயில் ஐடி உருவாக்கிக் கொடுத்திருப்பார்கள், கடவுச்சொல் அந்தத் துண்டுச் சீட்டோடு போயிருக்கும். சில இடங்களில் கடைக்காரரின் சொந்த ஐடியையே பலருக்கும் போட்டிருப்பார்கள். கூட்டங்களில் நாம் நோட்டில் எழுதி வாங்கும் முகவரிகளில் இவை எல்லாம் கலந்துதான் இருக்கும். இவற்றுக்குப் போகும் மடல் திரும்பி வராது, ஏற்பில் போய் உட்கார்ந்துவிடும். வாசிக்கத்தான் ஆள் இருக்கமாட்டார். திரும்பல் குறைவாக இருக்கிறது, ஆகவே பட்டியல் நல்ல பட்டியல் என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்று இதிலிருந்தே தெரியும்.

அதனால் 'பட்டியல் நலம்' என்று வைக்கச் சொல்கிறேன். நலம் குன்றும், தேறும், பேணினால் நிற்கும். பட்டியலை அவ்வப்போது சுத்தம் செய்வதான லிஸ்ட் ஹைஜீனுக்கு அண்ணன் 'பட்டியல் சுகாதாரம்' என்று போட்டிருக்கிறார், அது நகராட்சி நினைவைக் கொண்டுவருகிறது, 'பட்டியல் பேணல்' போதும். நலத்துக்கு இரண்டு கால்: முகவரிக்கு உயிர் இருக்க வேண்டும், அதற்கு உரியவர் இசைந்திருக்க வேண்டும். விலைக்கு வாங்கிய பட்டியலில் எல்லா முகவரியும் உயிரோடு இருந்தாலும் அது நலமான பட்டியல் ஆகாது, ஒருவர்கூட நம்மிடம் 'அனுப்புங்கள்' என்று கேட்கவில்லையே. சேர்ந்தவர் மடலில் வரும் இணைப்பைத் தட்டி மறுபடி உறுதிசெய்யும் டபுள் ஆப்ட்-இன்னுக்கு 'இரட்டைச் சேர்க்கை' என்று போட்டால் ஒரே பெயர் இரண்டு முறை ஏறிவிட்டதோ என்று தோன்றும்; 'உறுதிசெய்த இசைவு' என்று மாற்றலாம்.

இசைவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புகார் விகிதம்தான் சாட்சி. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் புகாரை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும், விளம்பர மடல்களிலும் செய்திமடல்களிலும் ஒரே சொடுக்கில் விலகும் வழி வைக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. யாகூவும் அதே சமயத்தில் இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. 0.1-க்குக் கீழே இருப்பதே நல்லது என்று கூகுளே சொல்கிறது. ஆயிரத்துக்கு மூன்று பேர் என்பது எவ்வளவு சிறிய எண்! விலகும் பொத்தானைத் தேடிக் களைத்தவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். ஆகவே விலகலை இழப்பு என்று அறிக்கையில் சிவப்பில் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஒழுங்காக விலகுகிறவர் பட்டியல் நலத்துக்கு உதவி செய்துவிட்டுப் போகிறார். இன்னொன்று, புகார் பூஜ்யம் என்றும் மகிழ வேண்டாம். மடல்கள் நேரே ஸ்பேம் பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தால் புகார் சொல்ல யாருக்கும் வாய்ப்பே வராது. ஏற்பையும் கிட்டலையும் பிரித்தே ஆக வேண்டும் என்று நான் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்பேமுக்கு 'எரிதம்' என்ற சொல் இணையத் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது, அதைத் தொடலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் புது வாசகருக்கான கையேட்டில் ஸ்பேம் என்றே எழுதலாம் என்பது என் எண்ணம். ஸ்பேம் ட்ராப்புக்குப் 'பொறி முகவரி' போட்டிருப்பது சரி. வாசகர் மடலோடு எவ்வளவு ஒட்டுகிறார் என்று அளக்கும் எங்கேஜ்மென்ட் என்பதற்கு 'ஈடுபாடு' என்று இருக்கிறது, அது எனக்குத் திருப்தியாக இல்லை. அறிகுறியையும் சொடுக்கையும் கூட்டிப் போட்ட ஓர் எண்ணுக்கு ஈடுபாடு என்ற பெரிய சொல்லைக் கொடுக்க மனம் வரவில்லை. வேறு சொல்லும் இதுவரை தோன்றவில்லை. குளச்சல் அக்கா, நீங்கள் மீனவர் கூட்டுறவுச் செய்திமடலைப் பார்த்துக்கொள்கிறீர்களே, உங்கள் பக்கம் ஆட்கள் இதை என்ன சொல்லிப் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள். தக்கலை அண்ணன் அடுத்த தொகுப்பை வெளியிடும்போது 'திறப்பு அறிகுறி', 'ஏற்பு', 'கிட்டல்', 'ஒத்திவைப்பு', 'மறுப்பு', 'பட்டியல் நலம்' ஆறையும் மாற்றுச் சொல்லாகவாவது பக்கத்தில் போட்டு வைத்தால் நல்லது, புழக்கத்தில் எது நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து,
அன்புடன்.