வில்லிசை மேடையும் பழம்பட்டு வணிகமும்: இரண்டையும் ஒருசேர நடத்த முடியுமா?

கேள்வி: அம்பை வில்லிசை

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வில்லுப்பாட்டுக் குழு ஒன்றை முன்னின்று நடத்தி வருகிறேன். பங்குனி உத்திரத்தில் தொடங்கி ஆவணி முடியும் வரை ஊர்க் கோவில்களின் கொடை விழாக்கள் அடுத்தடுத்து வருவதால், அந்த மாதங்களில் நான் வீட்டில் தங்குவதே அரிது. புரட்டாசி பிறந்ததும் அழைப்புகள் குறைந்து, வருமானமும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

என் தாயாரும் பெரியம்மாவும் உடுத்திய பழைய பட்டுச் சேலைகளை மேடைக்குக் கட்டத் தொடங்கியதிலிருந்து, இத்தகைய சேலை எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். பாடப் போகும் ஊர்களிலும் மூத்த பெண்கள் தங்கள் முகூர்த்தச் சேலைகளை எடுத்துக் காட்டி, பிள்ளைகள் யாரும் இவற்றை உடுத்துவதில்லை, நீயே எடுத்துக்கொள் என்கிறார்கள். அப்படிச் சேர்ந்த சிலவற்றை வாட்ஸ்அப் வழியாக விற்றிருக்கிறேன். இதை முறையான தொழிலாக நடத்த வேண்டும் என்பது என் விருப்பம்.

திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் சிறு கடை ஒன்றை வாடகைக்கு எடுக்கலாமா, அல்லது வீட்டிலிருந்தே நடத்துவது போதுமா? விலையை எதைக் கொண்டு தீர்மானிப்பது? ஊர் வரி கொடுத்துக் கொடை நடத்தும் வரிதாரர்கள், இந்தப் பெண் சேலை விற்கத்தான் வருகிறாள் என்று நினைத்துவிட்டால் வில்லின் மதிப்புக்கே குறைவு வந்துவிடும் என்ற கவலையும் எனக்கு உண்டு. அரசுக்குக் கட்டும் வரி குறித்தும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: வீரவநல்லூர் தறி

வணக்கம் சகோதரி. நான் தறிக் குடும்பத்தில் பிறந்தவன். காஞ்சிபுரத்திலும் சில காலம் பட்டு நெய்திருக்கிறேன்; இப்போது பழைய சேலைகளுக்கு இழை சேர்த்துச் சீர்செய்து கொடுக்கும் வேலையைச் செய்து வருகிறேன்.

விலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நல்ல சேலைகள் அழிவது அந்த இடத்தில்தான். பழைய பட்டுச் சேலை வாங்குகிறோம் என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருபவர்கள், சேலையைச் சேலையாக மதித்து வாங்குவதில்லை. ஜரிகையை எரித்து வெள்ளியைப் பிரிப்பதற்காகவே வாங்குகிறார்கள். வெள்ளி விலை ஏற ஏற நெருப்புக்குப் போகும் சேலைகளின் எண்ணிக்கையும் ஏறுகிறது. ஆகவே ஜரிகையின் வெள்ளிக்கு அன்றைய சந்தையில் என்ன கிடைக்குமோ, அதற்கு மேல் கொடுத்தால்தான் ஒரு நல்ல முகூர்த்தச் சேலையை நீங்கள் காப்பாற்ற முடியும். உங்கள் விலைக் கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்; நெசவின் தரம், நிறம், சேதம் ஆகியவை அதன் பிறகு வரட்டும்.

ஜரிகையைச் சோதிக்க, முந்தியின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஓர் இழையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. உள்ளே இருக்கும் பட்டு நூல் பெரும்பாலும் சிவப்பாகத் தெரியும். நெகிழி ஜரிகை காலப்போக்கில் பொருக்காக உதிருமே தவிர, வெள்ளியைப் போலக் கறுக்காது. எனவே லேசாகக் கறுத்திருக்கிறது என்பதற்காக ஒரு சேலையை ஒதுக்கிவிடாதீர்கள். உடல் பட்டா என்ற ஐயம் இருந்தால், உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்துங்கள்: பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

பழைய காஞ்சிபுரம் சேலையை வாங்கும்போது, உடலும் கரையும் சேரும் கோர்வையைக் கட்டாயம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடல் நன்றாக இருந்தும் கோர்வை விட்டுப்போன சேலைகள் ஏராளம். நைந்த உடலை நீக்கி, பழைய கரையையும் முந்தியையும் புதிய உடலில் சேர்த்து விற்பவர்களும் உண்டு. அது தவறன்று, ஆனால் வாங்குபவரிடம் அதைச் சொல்லாமல் விற்பது தவறு. உறுதி குறைந்த சேலையை ரோல் பாலிஷுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உருளையில் இழுபடும்போதே கிழிந்துவிடும்.

பாதுகாப்பில் மிகவும் கவனம் தேவை. பழைய மல் வேட்டியில் சுற்றி வையுங்கள், நெகிழி உறையில் வேண்டாம். பாச்சை உருண்டை ஜரிகையின் மேல் படக் கூடாது. அதற்குப் பதில் வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம். சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்பை மாற்றாவிட்டால் பட்டு அந்தக் கோட்டிலேயே விட்டுவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் பார்த்தோம். தாமிரபரணிக் கரையை ஒட்டிய வீடுகளில் கீழ்த்தளத்துப் பீரோவில் இருந்த சேலைகள் நாள்கணக்கில் ஈரத்தில் ஊறி, ஒன்றன் சாயம் மற்றொன்றில் ஏறியதையும் பார்த்தேன். சரக்கை மாடியிலேயே வையுங்கள்.

பதில்: பாளை நாட்டியம்

அன்புத் தங்கைக்கு, பாளையங்கோட்டையில் பரதநாட்டியம் ஆடியும் கற்பித்தும் வருகிறேன். பல ஆண்டுகளாகப் பழைய பட்டுச் சேலைகளையும் நாட்டிய உடைகளையும் விற்று வருகிறேன். கடை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சித்திரையிலும் ஆடியிலும் நீங்கள் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருக்கும்போது, பூட்டிய கடைக்கு வாடகை கொடுக்க நேரும். பழம்பட்டு வாங்குபவர்கள் வழியில் போகிறபோது நுழைந்து வாங்குபவர்கள் அல்லர். தேடி வருபவர்கள், காத்திருக்கவும் தயங்காதவர்கள். வீட்டு மாடியில் ஓர் அறை, முன்கூட்டியே சொல்லிவிட்டு வருபவர்களுக்கு மட்டும் பார்வை நேரம், நல்ல படங்கள் ஆகியவை போதும்.

உங்கள் ஆண்டு தானாகவே இரண்டாகப் பிரிந்திருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கொடைக் காலத்தில் விற்பனையை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். நவராத்திரி, தீபாவளி, மார்கழிக் கச்சேரிகள், தை மாத முகூர்த்தங்கள் என்று கேட்பவர்கள் பெருகும் மாதங்கள் எல்லாம் உங்களுக்கு வில் ஓய்ந்திருக்கும் மாதங்களே. நாட்டிய உடை தைப்பதற்காகப் பழைய பட்டைத் தேடுபவர்கள் நவராத்திரிக்கு முன்பே கேட்பார்கள். அவர்களுக்கு மட்டும் ஆவணியில் படங்களை அனுப்பிவையுங்கள். ஒன்பது கஜச் சேலை கிடைத்தால் அவர்கள் விடமாட்டார்கள், துணி தாராளமாக இருக்கும். கல்லிடைக்குறிச்சி அக்கிரகார வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். பட்டோடு நின்றுவிடவும் வேண்டாம். நைலக்ஸ் என்னும் நைலான் சேலை, சின்னாளப்பட்டு, பழைய சுங்கடி ஆகியவற்றைக் கல்லூரிப் பெண்கள் ஆசையாக வாங்குகிறார்கள்.

மேடைக்குக் கட்டும் சேலையையும் விற்பனைச் சேலையையும் ஒருபோதும் கலக்காதீர்கள். வில்லுக்கு முன்னால் இரவு முழுவதும் காலை மடக்கி அமர்ந்து பாடுகிறீர்கள். முழங்காலிலும் இருக்கையிலும் பட்டு இறுகி நிற்கும். வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலை ஓங்கி அடிக்க அடிக்கத் தோளிலும் இழுபடும். சித்திரை வெக்கையில் வியர்வை ஜரிகையில் இறங்கும். அப்படி ஒரு முறை உடுத்திய சேலையை, உடுத்தாதது போல மடித்து விற்க முடியாது. உங்களுக்கென்று உறுதியான சேலைகள் சிலவற்றை ஒதுக்கிக்கொண்டு, அவற்றையே மாற்றி மாற்றிக் கட்டுங்கள்.

வரிதாரர்களைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. கொடை நடக்கும் ஊரில், கொடை நடக்கும் நாட்களில் சேலை வாங்கவும் விற்கவும் கூடாது என்று உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். இது வில்லின் மதிப்புக்காக மட்டும் சொல்வதன்று. நள்ளிரவில் நடக்கும் சாமக் கொடை முடிந்து, கதை கேட்டு மனம் கரைந்திருக்கும் ஒரு பாட்டி, அந்த நேரத்தில் உங்களுக்கு எதையும் தூக்கிக் கொடுத்துவிடுவார். மறுநாள் வீட்டில் மருமகளோ மகளோ அதைக் கேட்கும்போது அவர் வருந்த நேரும். பெயரையும் தெருவையும் குறித்துக்கொண்டு வாருங்கள். புரட்டாசியில் பகல் வேளையில் போய், வீட்டார் அனைவரும் இருக்கும்போது விலை பேசுங்கள். அந்தச் சேலையை யார் எப்போது உடுத்தினார்கள் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளலாம். இறந்தவர் உடுத்திய சேலையைத் தயங்காமல் வாங்குபவர்களும் உண்டு, தொடவே மாட்டோம் என்பவர்களும் உண்டு. இரு சாராருக்கும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

பதில்: வண்ணார்பேட்டை கணக்கர்

அம்மா, வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சி ஒன்றுக்குக் கலைஞர் பெறும் கட்டணம் 1.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வரை அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. வில்லுப்பாட்டும் அதில் அடங்கும். பொருள் மட்டுமே விற்பவர்கள் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு செய்ய வேண்டியதில்லை என்று பலரும் சொல்வார்கள். நீங்களோ கலை நிகழ்ச்சி என்னும் சேவையையும் வழங்குகிறீர்கள். எனவே 20 லட்சம் என்ற வரம்பையே உங்களுக்குரியதாகக் கொள்ளுங்கள். விலக்குப் பெற்ற மேடைக் கட்டணமும் அந்தக் கூட்டுத்தொகையில் சேரும்.

நம் பகுதியில் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்கோ, பெங்களூருக்கோ சேலையை விற்று அனுப்பினால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. வரம்பு எதுவாக இருந்தாலும் அதற்கு முன்பே பதிவு வேண்டும். பதிவு செய்தபின், பயன்படுத்திய பொருள்களுக்கு வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டின் மேல் மட்டும் வரி செலுத்தும் முறை இருக்கிறது. வாங்கும்போது செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகையை எடுத்திருக்கக் கூடாது, பொருளின் தன்மையும் மாறியிருக்கக் கூடாது. சேலையைச் சேலையாகவே விற்றால் இது பொருந்தும், வெட்டி நாட்டிய உடையாகத் தைத்து விற்றால் பொருந்தாது. ஆகவே யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதைக் கையெழுத்துடன் ஒரு சீட்டில் வாங்கி வையுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதாரைக் கொண்டு இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். குழுவினரின் சம்பளப் பணமும் சேலைப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கலக்க வேண்டாம்.

அம்பை வில்லிசை:

மூவருக்கும் மிக்க நன்றி. கடை எண்ணத்தை விட்டுவிட்டேன். மாடி அறையைச் சரிசெய்து, புரட்டாசியில் தொடங்குகிறேன். கேரளத்துக்கு அனுப்புவதைப் பதிவு முடியும் வரை நிறுத்திவைக்கிறேன். நாட்டியம் அக்காவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அம்மனுக்குச் சாத்திய சேலைகளைக் கோவில் ஏலத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றை விற்கலாமா?

பாளை நாட்டியம்:

விற்கலாம், தங்கை. ஏலத்தில் எடுத்தது என்பதையும் எந்தக் கோவில் என்பதையும் சொல்லி, ஏல ரசீதின் படியையும் உடன் கொடுத்துவிடுங்கள். அந்தச் சேலையே வேண்டும் என்று கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உடை தைக்கப் பட்டு தேடும் நாட்டியக்காரர்களுக்கு அவற்றைக் காட்டாதீர்கள். அம்மன் உடுத்திய சேலையைக் காலுக்குத் தைத்து ஆட எங்களில் பெரும்பாலோர் இசையமாட்டோம், தெரியாமல் வாங்கியவர்கள் பின்னர் மிகவும் வருந்துவார்கள். அவற்றைத் தனிப் பெட்டியில், தனிக் குறிப்பேட்டுடன் வையுங்கள்.