சொட்டுவது ஓரிடம், ஒழுகுவது வேறிடம்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கசிவு அனுபவங்கள்

மூன்று மாதமாக என் டிரக்குக்கு அடியில் சிவப்பாக ஒரு வட்டம். பின்சக்கர இயக்கம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. தினமும் ஓட்டினால் தரை காய்ந்தே கிடக்கும். நாலு நாள் நிறுத்தி வைத்தால் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் தேங்கி நிற்கும். விடை அதிலேயே இருந்தது, எனக்குத்தான் புரியவில்லை.

சிவப்பாக இருந்தாலே கியர்பாக்ஸ் ஆயில் என்று சொல்லிவிட முடியாது. பல வண்டிகளில் பவர் ஸ்டியரிங்கிலும் அதே ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஓடுகிறது. என் வண்டியில் ஸ்டியரிங் பாட்டிலில் அளவு அப்படியே இருந்தது, கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கில்தான் இறங்கியிருந்தது. அடியில் படுத்துப் பார்த்தால், கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான பான் முழுக்க ஈரம். சரி, பானுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயிலைத் தடுக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

முதலில் செய்தது முட்டாள்தனம்: போல்ட்களை இன்னும் இறுக்கினேன். பல கியர்பாக்ஸ்களில் பான் போல்ட்டுக்குச் சொல்லப்பட்டிருக்கும் இறுக்கம் 10 முதல் 15 நியூட்டன் மீட்டர்தான் (உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்). நீளமான ஸ்பேனரில் கை வைத்தால் அது ஒரு திருப்பிலேயே தாண்டிவிடும். நான் வேறு முழு பலத்தையும் காட்டினேன். பான் விளிம்பு ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மேல்நோக்கிப் புடைத்து, போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. இல்லாத கசிவை நானே உண்டாக்கிவிட்டேன்.

அப்புறம் பானைக் கழற்றி, சமமான மரக்கட்டையில் விளிம்பை வைத்து, சுத்தியலால் புடைப்புகளை மெதுவாகத் தட்டி நேராக்கினேன். புது கேஸ்கெட், ஃபில்டர் போட்டு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) குறுக்குக்குறுக்காக இறுக்கினேன். பானுக்குள் இருக்கும் காந்தத்தில் மாவு போல மெல்லிய சாம்பல் பூச்சு மட்டும் இருந்தது. அது வழக்கமான தேய்மானம். இரும்புத் துண்டுகள் கிடந்திருந்தால் கதையே வேறு. நாலு நாள் நிறுத்தினேன். மறுபடியும் அதே வட்டம்.

அன்றைக்குத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். டிகிரீசர் அடித்து கியர்பாக்ஸை மேலிருந்து கீழ்வரை கழுவித் துடைத்துக் காயவிட்டு, டால்கம் பவுடரைத் தூவினேன். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் பவுடர் வெள்ளை வெளேரென்று இருந்தது. மூன்றாம் நாள் காலை பார்த்தபோது, பக்கவாட்டில், பானுக்கு மேலே, கியர் லீவர் கம்பி வந்து சேரும் தண்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு இறங்கிப் பான் விளிம்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்க மூலையில் சொட்டியது. தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி இறுகிப் போயிருந்தது.

நிறுத்தினால் மட்டும் ஏன் ஒழுகுகிறது? எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் லிட்டர்கணக்கில் ஆயில் இருக்கிறது. வண்டி நாட்கணக்கில் நின்றால் அதில் ஒரு பகுதி மெல்ல வடிந்து பானுக்குள் இறங்கும். ஓடும்போது சீலுக்குக் கீழே இருந்த ஆயில் மட்டம் அப்போது சீலுக்கு மேலே ஏறிவிடும். எஞ்சினைக் கிளப்பினால் பம்ப் மறுபடி கன்வெர்ட்டரை நிரப்பும், மட்டம் இறங்கும், கசிவு நிற்கும்.

இந்த சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்), லீவரைக் கழற்றி, தண்டில் கீறல் விழாமல் பழைய சீலை நெம்பி எடுத்தேன். தண்டின் முனையில் டேப் சுற்றித்தான் புது சீலை நுழைத்தேன். இல்லாவிட்டால் மரை சீலின் உதட்டைக் கிழித்துவிடும். பொருத்தமான சாக்கெட்டை வைத்துத் தட்டி உட்கார வைத்தேன். ஒரு மணி நேர வேலைதான், அதற்குத்தான் மூன்று மாதம் ஆனது.

உங்களுக்கு எங்கே ஒழுகியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

* * *

அண்ணே, உங்களுக்கு வெளியே ஒழுகியது, கொடுத்து வைத்தவர். பட்டறையில் எங்களைப் பாடாய்ப் படுத்துவது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் விழும் சொட்டுதான். அது எஞ்சினின் பின்பக்க சீலாகவும் இருக்கலாம், கியர்பாக்ஸின் முன்பக்க பம்ப் சீலாகவும் இருக்கலாம். பழைய ஏடிஎஃப் பழுப்பாகிவிட்டால் வெள்ளைத் துணியில் தொட்டாலும் நிறம் ஏமாற்றும். சந்தேகம் வந்தால் ஏடிஎஃப்பில் மட்டும் ஒளிரும் சாயத்தைக் கலந்து ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பேன். மஞ்சள் பச்சையாக மின்னினால் கியர்பாக்ஸ், இல்லையென்றால் எஞ்சின். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும் என்பதால், ஈரம் இருக்கும் இடங்களில் எது மேலேயும் முன்னாலேயும் இருக்கிறதோ அங்கிருந்துதான் தேடத் தொடங்குவேன்.

ஒரு வண்டிக்கு முன் சீல் மூன்று தடவை ஒழுகியது. முதல் இரண்டு தடவை வேறு பட்டறையில் சீலை மட்டும் மாற்றியிருந்தார்கள். நான் கன்வெர்ட்டரின் கழுத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். பள்ளம் விழுந்திருந்தது, அதைத் தாங்கும் வளையமான பம்ப் புஷ்ஷும் தேய்ந்திருந்தது. தண்டு ஆடினால் எந்தப் புது சீலும் தாங்காது. கியர்பாக்ஸின் பின்பக்க சீலுக்கும் இதே கதைதான்: புஷ் தேய்ந்தாலோ பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் ஜாயின்ட் ஆடினாலோ சீலை மட்டும் மாற்றுவது வீண். கன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டும்போது சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளி, கடைசிப் படிவரை இறங்கிவிட்டதா என்று பாருங்கள். பாதியில் நிற்கும்போது போல்ட் போட்டு இழுத்தால் பம்ப் உடையும்.

* * *

என் கசிவுக்குக் காரணம் நானேதான். எஞ்சினைக் கிளப்பி, ஆயில் சூடாகும் முன்பே டிப்ஸ்டிக் பார்த்து, குறைவாகத் தெரிந்ததால் ஊற்றிக்கொண்டே போனேன். ஒரு லிட்டருக்கும் மேலே கூடிவிட்டது. சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்க, மூச்சுத் துளை வழியாக வெளியே தள்ளி கியர்பாக்ஸ் தலை முழுக்க வழிந்தது. அளவாக உறிஞ்சி எடுத்ததும் நின்றது. டிப்ஸ்டிக் உள்ள பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளில் சமதளத்தில், ஆயில் சூடாக, எஞ்சின் ஓடும்போது, எல்லா கியரையும் ஒரு சுற்று போட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

* * *

எனக்குத் தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் ஏடிஎஃப் குறைந்துகொண்டே போனது. காலையில் ரிவர்ஸ் போட்டால் இரண்டு நொடி கழித்துத்தான் பிடிக்கும். நான்கு சக்கர இயக்க வண்டி. கடைசியில், கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் நிரப்பு மூடியைத் திறந்தேன், உள்ளே அளவுக்கு மேல் நிறைந்திருந்த ஆயில் முழங்கை வரை கொட்டியது. கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவிலிருக்கும் சீல் கிழிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் ஓடியிருக்கிறது. இரண்டிலும் ஒரே சிவப்பு ஆயில் என்பதால் எனக்கு உறைக்கவே இல்லை.

இதைவிட மோசமான இடம், ரேடியேட்டருக்குள் இருந்து கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர். அது விரிசல் விட்டால் கூலன்ட் டேங்கில் இளஞ்சிவப்பாகப் பால் மாதிரி மிதக்கும். அப்படிக் கண்டால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். கூலன்ட்டில் இருக்கும் தண்ணீரும் கிளைகாலும் கியர்பாக்ஸுக்குள் போனால் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் லைனிங் உரிந்து வந்துவிடும்.

* * *

கசிவை நிறுத்தும் மருந்து ஏதாவது ஊற்றலாமா? எனக்கு கூலர் பைப் இணைப்பில்தான் லேசாக ஈரம்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வந்திருக்கிறேன். கேள்வி கேட்ட தம்பிக்கு: அந்த மருந்து ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும், அவ்வளவுதான். இறுகிய சீலுக்குச் சில நாள் ஓட்டம் கிடைக்கலாம். பைப் இணைப்பில் ஓ-ரிங்கோ கிளிப்போ போயிருந்தால் அதை மாற்றுவதே சுலபம். பைப் சட்டத்தில் உரசித் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே அழுத்தத்தோடு ஆயில் ஓடுகிறது, ஓட்டை விழுந்தால் சொட்டாது, பீய்ச்சும். சைலன்சர் பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கவும் செய்யும்.

என் வண்டியை ஐந்து நாள் நிறுத்தி, அடியில் அட்டை விரித்து வைத்திருந்தேன். இன்று காலை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு சொட்டு, அதுவும் கறுப்பு. எஞ்சின் ஆயில். இந்தத் தடவை போல்ட்டில் கை வைக்கவில்லை, டிகிரீசரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.