புதுப்பிப்பு: புகை விஸ்கியோடு சமாதானம்
போன மாதம் ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி ஒன்றைக் குடித்துவிட்டு, ‘ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது, இதை எப்படித்தான் ரசிக்கிறீர்களோ!’ என்று புலம்பியிருந்தேன். நீங்கள் சொன்னபடி அதே நாட்டின் ஸ்கை தீவில் தயாராகும் டாலிஸ்கர் 10 (பத்து வருட விஸ்கி) வாங்கினேன். இதிலும் பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்து எரிக்கும் கரிமண்) புகை உண்டு; ஆனால் அடக்கமாக, மிளகுக் காரமும் கடல் உப்பும் கலந்து வருகிறது. 45.8 சதவீத ஆல்கஹால், முதல் மடக்கு சுரீர் என்றது. அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டதும் ஒளிந்திருந்த இனிப்பு எட்டிப் பார்த்தது. ஐஸ் மட்டும் வேண்டாம், வாசனையே அமுங்கிவிடுகிறது.

அப்புறம், யாரோ பரிந்துரைத்த ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ரவுக்பியரும் (புகை வாசனை பியர்) கிடைத்தது. பீச் (beech; பழம் தரும் peach அல்ல) மர நெருப்பில் உலர்த்திய மால்ட், அதாவது முளைகட்டிய தானியத்தில் செய்தது. முதல் கிளாஸ் சுட்ட கறி மாதிரி இருந்தது, இரண்டாவதில் பிடித்துப்போனது.

சரி, அந்தப் பழைய ஐலா பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. அதற்கும் தண்ணீர் விட்டுப் பார்க்கப் போகிறேன்.