புதுப்பிப்பு: ஆடிட்டர் அலுவலக வேலையை எப்போது விடுவது?

கிருஷ்ணகிரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கராக இருந்த நான், செப்டம்பர் நெருக்கடிக்கு முன்பே விலகுவதா, முடித்துக்கொடுத்துவிட்டு விலகுவதா என்று ஜூலையில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30, அதற்குரிய வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கு அக்டோபர் 31 என்று கெடு இருப்பதால், நியமனக் கடிதத்தில் அறிவிப்புக் காலத்தைப் பார்த்துவிட்டு அக்டோபர் முதல் தேதியில் ராஜினாமா கொடுக்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது. எனக்கு 30 நாள்தான். மனக்கசப்பின்றி விடுவித்தார்கள், சம்பளப் பாக்கியும் வந்துவிட்டது.

எதிர்பாராதது வேறு. மாங்கூழ் ஆலை ஒன்று உட்பட நான்கு வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி பதிவில் என் கைப்பேசி எண்தான் இருந்தது (அவசரத்துக்கு நானே கொடுத்தது). ஜிஎஸ்டி மாதக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாளான நவம்பர் 20 அன்று, புது அலுவலகத்தில் இருக்கையில், அந்தத் தாக்கலை உறுதிசெய்யும் ஓடிபி எனக்கு வந்துகொண்டே இருந்தது. கடிதம் கொடுக்கும் முன்பே அந்த எண்களை மாற்றிவிடுங்கள்.