‘லுக்கப்’புக்குத் ‘தேடல்’ வேண்டாம்: ‘பெயர்நாடல்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாங்கள் தமிழில் எழுதிவரும் ஜாவா சேவையகக் கையேட்டில் ‘லுக்கப்’ (ஒரு பொருளின் பெயரைச் சொல்லிச் சேவையகத்திடம் அதைக் கேட்டு வாங்குவது) வரும் இடத்தில் எல்லாம் ‘தேடல்’ என்றே எழுதிவிட்டால் என்ன, புதுச் சொல் எதற்கு என்று போன வாரம் இங்கே இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கையேட்டின் முதல் வரைவில் நானே அப்படித்தான் எழுதியிருந்தேன். அந்தச் சொல்லால் ஒரு தம்பிக்கு இரண்டு நாள் வேலை வீணானதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு மனம் மாறிவிட்டது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் அவர். கிளாஸ்ஃபிஷ் என்ற ஜாவா சேவையகத்தில் ஒரு ஈஜேபி பீன் (வெளியிலிருந்து அழைத்து வேலை வாங்கும் நிரல் துண்டு) இருக்கிறது. அதே கணினியில் கிளையன்டை, அதாவது பீனை அழைக்கும் நிரலை, ஓட்டினால் எல்லாம் சரியாக நடக்கிறது. பக்கத்து அறையில் இருக்கும் கணினியிலிருந்து ஓட்டினால் பிழை. என் வரைவைப் படித்திருந்ததால் நோட்டில் ‘தேடல் தோல்வி’ என்று எழுதி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். தேடினோம், கிடைக்கவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? தேடிய பொருளின் பெயர் சரிதானா என்று பார்ப்போம். அவரும் அதைத்தான் செய்தார். ஜாவா குளோபல் என்று தொடங்கும் முழுப் பெயரில் செயலியின் பெயரைச் சேர்த்தார், எடுத்தார், ஆச்சரியக்குறிக்குப் பின்னால் இடைமுகத்தின் பெயரைப் போட்டுப் பார்த்தார், சிற்றெழுத்தைப் பேரெழுத்தாக்கினார். நோட்டில் இரண்டு பக்கம் முழுக்கப் பெயர்களும் அவற்றுக்கு நேரே பெருக்கல் குறிகளும்தான்.

பெயர் முதலிலிருந்தே சரியாக இருந்தது.

பிணையத்தில் என்ன போய்வருகிறது என்று காட்டும் டிசிபிடம்பை ஓடவிட்டு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். கிளையன்ட் முதலில் சேவையகத்தின் 3700-ஆம் போர்ட்டுக்கு (இணைப்பு வாசலுக்கு) போகிறது, பதில் வாங்குகிறது. அதற்கப்புறம் சேவையகத்தின் பக்கம் ஒரு பாக்கெட்கூடப் போகவில்லை. அடுத்த இணைப்பை 127.0.1.1 என்ற முகவரிக்கு, அதாவது தன் வீட்டுக்கே, அது தேடிப் போகிறது. அங்கே கதவைத் திறக்க யாரும் இல்லை. சேவையகம் உபுண்டு கணினி. பெயர்களுக்கு முகவரி எழுதிவைக்கும் அதன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கணினியின் பெயருக்கு நேரே 127.0.1.1 என்று இருந்தது. டெபியன் வகை நிறுவல்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கிளாஸ்ஃபிஷ் தன் பெயருக்கு உரிய முகவரி எது என்று கணினியைக் கேட்டிருக்கிறது, அது சொன்னதை அப்படியே சுட்டில் (பீன் இருக்கும் இடத்தைக் காட்டிக் கிளையன்டுக்குத் திருப்பித் தரும் குறிப்பில்) எழுதி வெளியூர்க்காரருக்கும் கொடுத்துவிட்டது. அந்த ஒரு வரியில் உண்மையான பிணைய முகவரியைப் போட்டு, சேவையகத்தை மறுபடி தொடங்கினோம். அவர் முதன்முதலில் எழுதிய பெயரே வேலை செய்தது.

இதில் அவர் தவறு எதுவும் இல்லை. நான் கொடுத்த சொல் அவரைத் தவறான பக்கம் திருப்பிவிட்டது.

தேடல் என்றால், பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், பல இடத்தில் துழாவுவது. ஒன்றும் கிடைக்கலாம், நூறும் கிடைக்கலாம். லுக்கப் அப்படியில்லை. முழுப் பெயரும் கையில் இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். வாக்குச்சாவடியை நினைத்துப் பாருங்கள். பூத் சிலிப்போடு போனால் உள்ளே இருக்கும் அலுவலர் வரிசை எண்ணைப் பார்த்து, பட்டியலில் அந்தப் பக்கத்தைப் புரட்டி, பெயரில் கோடு போடுவார். சிலிப் இல்லாமல் போனால் வெளியே சாமியானாவில் உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர் தெருப்பெயரையும் அப்பா பெயரையும் கேட்டுப் பக்கம் பக்கமாக விரலை ஓட்டுவார். அது தேடல். உள்ளே நடந்ததற்கு வேறு பெயர் வேண்டும்.

ஜாவாவே இந்தத் தோல்விகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறது. ‘நோ இனிஷியல் கான்டெக்ஸ்ட்’ என்று வந்தால் யாரைக் கேட்பது என்றே நாம் சொல்லவில்லை. ‘கம்யூனிகேஷன் எக்ஸெப்ஷன்’ என்றால் கேட்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. ‘நேம் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால்தான் பெயரைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றையும் ‘தேடல் தோல்வி’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு நாம் செய்தது உதவியாகாது.

நான் முன்வைக்கும் சொல் ‘பெயர்நாடல்’. மருத்துவரை நாடினேன், நீதிமன்றத்தை நாடினார் என்கிறோம். இன்ன இடம் என்று தெரிந்து, ஒன்றைப் பெறுவதற்காகப் போவதுதான் நாடுவது. போனவருக்குக் கிடைத்தே தீரும் என்று அந்தச் சொல் உறுதி கொடுப்பதில்லை, அதுவும் நமக்குப் பொருந்துகிறது. வினையாகவும் எளிதில் வளையும்: நாடினேன், நாடிய பெயர், நாடல் பிழை. ‘பெயர்வழி எடுப்பு’ என்றும் யோசித்தேன். வாயில் சொல்லிப் பார்த்தால் ‘பேர்வழி’ என்று காதில் விழுகிறது, விட்டுவிட்டேன். ‘விளித்தல்’ அழகான சொல்தான், ஆனால் பீனின் செயற்கூறுகளை (மெத்தடுகளை) அழைப்பதோடு குழம்பிவிடும்.

உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து

—

அண்ணாவுக்கு வணக்கம்.

சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சேவையகத்தை வழங்கி என்போம், அந்த வழக்கோடும் இது ஒத்துப்போகும். பழைய இலக்கியத்தில் நாடல் என்றாலும் தேடல்தானே என்று யாராவது சொல்லக்கூடும். இன்றைக்குப் பேப்பர் படிப்பவருக்கு அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

எனக்கு இருப்பது வேறொரு தடை. நான் வேலை செய்வது வைல்ட்ஃபிளை என்ற இன்னொரு ஜாவா சேவையகத்தில், முன்பு ஜேபாஸ் என்று இருந்தது. அங்கே ‘ஈஜேபி’ என்று தொடங்கி முக்காற்புள்ளி வைத்துப் பெயர் கொடுத்தால், நிலை வைத்திராத (முந்தைய அழைப்பை நினைவில் வைக்காத) பீன்களுக்கு, லுக்கப் செய்யும் நேரத்தில் வழங்கியிடம் யாருமே போவதில்லை. கிளையன்டே தன் பக்கத்தில் ஒரு பதிலியை (பீனுக்குப் பதிலாக நின்று அழைப்பை அனுப்பும் பொருளை) செய்து கையில் தந்துவிடுகிறது. அப்படி ஒரு பீன் வழங்கியில் இல்லாவிட்டாலும் லுக்கப் வெற்றிதான். முதல் அழைப்பில்தான் பிழை விழும். பெயரை நாடவே இல்லையே அண்ணா, அதை எப்படி நாடல் என்பது?

இன்னொன்று, கையேட்டில் போர்ட் எண்களையும் தெளிவாகப் போடுங்கள். ஜேபாஸ் 6 வரைக்கும் 1099, ஜேபாஸ் 7-இல் 4447, வைல்ட்ஃபிளை 8-இலிருந்து எச்டிடிபியின் 8080 வழியாகவே போகிறது. பழைய கோப்பிலிருந்து 4447-ஐப் பிரதி செய்துவிட்டு அரை நாள் திணறுபவர்களை இங்கேயும் பார்க்கிறேன்.

—

தங்கைக்கு வணக்கம்.

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். நேற்று இரவு ஒரு சோதனை செய்தேன். வைல்ட்ஃபிளையை முழுக்க நிறுத்திவிட்டு, இல்லாத ஒரு பீனின் பெயரைக் கொடுத்து ஓட்டினேன். நீங்கள் சொன்னபடியே லுக்கப் வரி சத்தமில்லாமல் தாண்டிப் போனது, அடுத்த வரியில்தான் விழுந்தது.

ஆகவே உங்கள் தடையை ஏற்கிறேன். இந்த வகைக்குப் ‘பதிலியாக்கம்’ என்று தனிப் பெயர் கொடுத்துவிடலாம். ஜாவா இரண்டையும் ஒரே செயற்கூறால் செய்ய வைக்கிறது என்பதற்காகத் தமிழும் ஒரே சொல்லால் சொல்ல வேண்டியதில்லை. நடப்பது இரண்டு வேறு காரியம், பழுது பார்க்கிறவர் கை வைக்க வேண்டிய இடமும் வேறு. பெயர்நாடலில் பிழை வந்தால் அந்த வரியிலேயே நின்று, பெயர், போர்ட், திரும்பி வந்த முகவரி மூன்றையும் பார்க்க வேண்டும். பதிலியாக்கத்தில் அந்த வரி வெற்றி பெற்றதை நம்பவே கூடாது.

வைல்ட்ஃபிளையிலும் உண்மையான பெயர்நாடல் உண்டு என்பதைக் கையேட்டில் சேர்க்கிறேன். பீனை ஏற்றும்போது சேவையகப் பதிவேட்டில் அதன் பெயர்களை வரிசையாக அச்சிடும். அவற்றுள் ‘ஜேபாஸ் எக்ஸ்போர்ட்டட்’ என்று இருப்பதுதான் வெளியிலிருந்து வருபவருக்கானது. அந்த முன்னொட்டை நீக்கிவிட்டு மீதியைக் கொடுத்து நாட வேண்டும். 2009-இல் ஈஜேபி 3.1 வந்தபோது ஜாவா குளோபல் பெயர்கள் எல்லாச் சேவையகத்துக்கும் பொதுவாயின. அதற்கு முன் ஆளுக்கொரு பெயர் முறை. பெயர் பொதுவான பிறகும், தொலைவிலிருந்து எந்தப் பெயரில் நாடுவது என்பது சேவையகத்துக்குச் சேவையகம் மாறத்தான் செய்கிறது. கிளாஸ்ஃபிஷில் ஜாவா குளோபல் பெயரையே கொடுக்கலாம், வைல்ட்ஃபிளையில் வெளியிலிருந்து அது தெரியாது.

சேவையகமா வழங்கியா என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். முதல் இடத்தில் இரண்டையும் எழுதுகிறேன், படிப்பவர் பழகியதை எடுத்துக்கொள்ளட்டும்.

நம் தம்பியிடம் புதிய வரைவைக் கொடுத்திருக்கிறேன். ‘தேடல்’ இருந்த இடத்தில் எல்லாம் பென்சிலால் அடித்து ‘பெயர்நாடல்’ என்று எழுதிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தி, ‘இங்கே முகவரி தப்பா வந்தா அதுக்கு என்ன பேர் அண்ணா?’ என்று கேட்டார். பெயர்நாடல் முடிந்துவிட்டது, கையில் வந்த சுட்டுதான் கோணல். ‘சுட்டுப் பிழை’ என்று ஓரத்தில் எழுதச் சொன்னேன். இதைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றைக்கு உட்கார்ந்து வரைவை முடிக்கப் போகிறோம்.